எடைக்கு எடை வெள்ளி... வேலைக்கு என்ன விலை?

பாகூர் கடைத்தெருவில் ஒரு சின்ன நகைக்கடை. கடை என்று பேர்தான். ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு எலக்ட்ரானிக் தராசு, சுவரில் லட்சுமி காலண்டர், இவ்வளவுதான். முன்னால் கிடக்கிற பெஞ்சில் ஒரு ஆயாவும் பேத்தியும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயாவின் மடியில் மஞ்சள் பை. பைக்குள் ஒரு ஜோடி கொலுசு, இரண்டு டம்ளர், ஒரு சந்தனக் கிண்ணம். எல்லாம் வெள்ளி. பேத்திக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

பத்தர் கொலுசையும் டம்ளரையும் ஒதுக்கி வைத்துவிட்டு கிண்ணத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். விளிம்பைச் சுற்றி ஒரு கொடி ஓடுகிறது. கொடிக்கு நடுவே ஒரு மயில். தோகையில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக உளி வைத்துத் தட்டியது.

"பழைய வேல ஆயா. இப்பல்லாம் யாரு இப்படித் தட்டறா?"

"என் மாமியாருக்கு அவங்க மாமியா குடுத்ததுப்பா. பாத்துப் போட்டுக் குடு."

"வேலைக்கு எங்க ஆயா காசு? எடைக்குத்தான். அதுலயும் உருக்கினா கொஞ்சம் கழிவு போவும்."

பேத்தி பி.காம். சும்மா இருப்பாளா? "வாங்கும்போது மட்டும் செய்கூலி, சேதாரம்னு தனியா போடறீங்களேண்ணே... விக்கும்போது அந்தக் காசு எங்க போச்சு?"

பத்தர் சிரிக்கிறார். "எங்க போவும்? வேல செஞ்சவன் வயித்துக்குப் போச்சும்மா."

இந்தப் பேச்சு தினமும் எத்தனையோ கடைகளில் நடக்கிறது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இதே கேள்வி, அதாவது வெள்ளிப் பாத்திரத்தில் எதற்கு விலை, எடைக்கா வேலைக்கா என்பது, சுமார் 150 வருஷத்துக்கு முன்னால் நியூயார்க், பாரீஸ், மெட்ராஸ் என்று மூன்று ஊர்களைச் சுற்றி வந்தது. அதைக் கிளப்பிவிட்டது ஜப்பான்!

ஜப்பான் 200 வருஷத்துக்கும் மேலாக வெளிநாட்டுக்காரர்களை அதிகம் உள்ளே விடாமல் இருந்த நாடு. 1853இல் அமெரிக்கக் கப்பற்படைத் தளபதி பெர்ரி தன் கப்பல்களோடு போய் வாசலில் நின்றார். 1854இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் பிறகு ஜப்பான் சாமான்கள் மேற்கு நாடுகளுக்குக் கப்பல் கப்பலாகப் போக ஆரம்பித்தன. 1862 லண்டன் கண்காட்சியில் ஜப்பான் பொருட்களைப் பார்த்த கூட்டம் அசந்து போனது. 1867 பாரீஸ் கண்காட்சிக்கு ஜப்பான் அதிகாரப்பூர்வமாகவே வந்தது. பிரான்ஸில் இந்த மோகத்துக்கு 'ஜப்பானிஸ்ம்' என்று பேர் வைக்கிற அளவுக்குப் போய்விட்டது.

அப்படி என்ன இருந்தது அதில்? உலோக வேலையை மட்டும் எடுத்துக்கொண்டால், கத்திதான் காரணம். ஜப்பானில் சாமுராய்களின் வாளுக்கு ஒரு கைக்காப்பு உண்டு. பிடிக்கும் அலகுக்கும் நடுவில் வரும் வட்டத் தகடு, 'சுபா' என்று பேர். உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்தத் தகட்டில் கொக்கு, நண்டு, மூங்கில், நிலா, மழை என்று எல்லாவற்றையும் செதுக்கிவிடுவார்கள். ஒரே உலோகத்தில் இல்லை. இரும்பு, செம்பு, தங்கம், வெள்ளி எல்லாம் சேர்த்து.

இதில் இரண்டு கலவைகள் ரொம்ப விசேஷம். ஒன்று 'ஷாகுடோ'. செம்பில் கொஞ்சமே கொஞ்சம் தங்கம் கலப்பார்கள். பதப்படுத்தினால் அண்டங்காக்கை இறகு மாதிரி நீலம் கலந்த கறுப்பு வரும். இன்னொன்று 'ஷிபுஇச்சி'. அந்த வார்த்தைக்கு அர்த்தமே 'நாலில் ஒன்று'. மூன்று பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளி. நிறம் மழை மேகம் மாதிரி சாம்பல். கவனியுங்கள், தங்கத்தைச் செம்போடு கலந்து கறுப்பாக்குகிறார்கள்! உருக்கி விற்கிற கணக்கில் பார்த்தால் இதை விடப் பைத்தியக்காரத்தனம் கிடையாது. வேலையின் கணக்கில் பார்த்தால் தங்கம் அங்கே ஒரு நிறம், அவ்வளவுதான்.

இந்த ஆட்கள் தங்கள் வேலையில் கையெழுத்தும் போட்டார்கள். வாள் தகட்டின் ஓரத்தில் தன் பெயரை வெட்டி வைப்பது அவர்கள் வழக்கம்.

1868இல் ஆட்சி மாறியது. 1876இல் பொது இடத்தில் வாள் எடுத்துப் போகக் கூடாது என்று புது அரசாங்கம் உத்தரவு போட்டது. ஒரே உத்தரவில் வாள் வேலை செய்த பரம்பரைத் தொழிலாளிகள் எல்லாரும் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் நிறைய பேர் பூச்சாடி, பெட்டி, தட்டு என்று ஏற்றுமதிக்குச் செய்யத் தொடங்கினார்கள். கானோ நாட்சுவோ என்ற வாள் வேலைக்காரர் புது ஜப்பானின் நாணயங்களுக்கு அச்சு செதுக்கினார். பிறகு டோக்கியோ கலைக் கல்லூரியில் பேராசிரியரானார். எல்லாருக்கும் அந்த யோகம் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நியூயார்க்.

டிஃபனி கம்பெனி 1837இல் ஆரம்பித்தது. அதன் வெள்ளிப் பிரிவுக்குத் தலைவர் எட்வர்ட் மூர். இந்த மனிதர் ஜப்பான், இஸ்லாமிய நாடுகள், பழைய ரோமக் கண்ணாடி என்று கையில் கிடைத்ததை எல்லாம் சேகரித்தவர். 1891இல் அவர் இறந்தபோது 2,000க்கும் மேற்பட்ட பொருட்கள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போயின. தான் சேர்த்ததைப் பூட்டி வைக்காமல் பட்டறை ஆட்களுக்குக் காட்டி, இது மாதிரி யோசியுங்கள் என்றார்.

விளைவு? வெள்ளிக் கூஜாவின் உடம்பில் செம்பு மீன் நீந்தியது. தட்டில் தும்பி உட்கார்ந்தது. சுரைக்காய் கொடியோடு காய்த்தது. இன்னொரு அதிசயமும் நடந்தது. அதுவரை மேற்கத்திய வெள்ளி என்றால் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். சுத்தியல் பட்ட தடம் தெரிந்தால் அது மட்டமான வேலை. மூர் அந்தத் தடத்தைத் தேய்க்காமல் அப்படியே விடச் சொன்னார். உடம்பு முழுக்க சின்னச் சின்ன சுத்தியல் குழிகள், தண்ணீர் சிற்றலை மாதிரி. எந்தத் தடத்தை மறைத்தார்களோ அதற்கே இப்போது காசு!

இங்கிலாந்துக்காரர்களால் இதில் முழுசாக இறங்க முடியவில்லை. காரணம் கலை இல்லை, சட்டம். வெள்ளியோடு செம்பு மாதிரி மலிவு உலோகத்தை ஒட்ட வைத்தால் அங்கே ஹால்மார்க் முத்திரை கிடைக்காது. வாங்குகிறவரை ஏமாற்றாமல் இருக்கப் போட்ட நல்ல சட்டம்தான். ஆனால் அந்தச் சட்டத்துக்குத் தெரிந்தது எடையும் மாற்றும் மட்டுமே. அதனால் பல ஆங்கிலப் பட்டறைகள் விசிறி, மூங்கில், கொக்கு எல்லாவற்றையும் வெள்ளியின் மேல் கோடாக வெட்டிவிட்டு நிறுத்திக்கொண்டன. அமெரிக்காவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

1878. பாரீஸில் உலகக் கண்காட்சி. டிஃபனியின் ஜப்பான் பாணி வெள்ளிக்குப் பெரும் பரிசு கிடைத்தது. ஐரோப்பாவுக்கு வந்து ஐரோப்பாவையே ஜெயித்தது அமெரிக்கக் கம்பெனி, ஜப்பான் ஐடியாவை வைத்து.

இதே கண்காட்சியில் இந்தியப் பகுதி ஒன்றும் இருந்தது. வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர், 1875-76இல் இந்தியாவைச் சுற்றி வந்தபோது ராஜாக்கள் கொடுத்த பரிசுகளை அங்கே காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஆக ஒரே ஊரில், ஒரே வருஷம், ஜப்பானை உடுத்திய அமெரிக்க வெள்ளியும் இந்திய வெள்ளியும் பக்கம் பக்கமாக மேற்கத்திய வாடிக்கையாளருக்காகக் காத்திருந்தன.

இந்திய வெள்ளியில் ஊருக்கு ஒரு பாணி. கட்ச்சில் நெருக்கமான கொடி, காஷ்மீரில் சினார் இலை, லக்னோவில் வேட்டைக் காட்சி. மெட்ராஸுக்கு என்ன தெரியுமா? சாமி! ஆமாம், அதற்கு ஆங்கிலேயர்கள் வைத்த பேரே 'சுவாமி' வெள்ளிதான்.

மெட்ராஸில் இதற்குப் பெயர் போன கடை பி.ஆர் அண்ட் சன்ஸ். இன்றைக்கு அண்ணா சாலையில் கைக்கடிகாரம் விற்கிற அதே கடைதான். பீட்டர் ஆர் என்ற கடிகாரக்காரர் 1849இல் ஆரம்பித்தது. மவுண்ட் ரோட்டில் இருக்கிற கட்டிடம் 1879இல் சிஸோம் என்ற கட்டிடக் கலைஞர் கட்டிக் கொடுத்தது. இளவரசர் 1875 டிசம்பரில் மெட்ராஸ் வந்தார். அவர் பயணத்துக்குப் பிறகு சுவாமி வெள்ளிக்கும் சுவாமி நகைக்கும் நல்ல கிராக்கி.

சுவாமி வெள்ளி என்பது பெரும்பாலும் டீ செட். டீ ஊற்றும் கெண்டி, பால் ஜாடி, சர்க்கரைக் கிண்ணம். உருவம் முழுக்க இங்கிலீஷ். ஆனால் வயிற்றுப் பகுதியைச் சுற்றி மண்டபம் மண்டபமாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு தெய்வம். பெருமாள், சிவன், கிருஷ்ணர், ரிஷபம், கருடன். கோயில் கோபுரத்தை மடக்கிக் கெண்டியில் சுற்றிவிட்ட மாதிரி இருக்கும்.

செய்யும் விதம் சுலபம் இல்லை. வெள்ளித் தகட்டை அடித்து அடித்துப் பாத்திரமாக எழுப்ப வேண்டும். உருவம் வரவேண்டிய இடத்தை உள்ளிருந்து தட்டிப் புடைக்க வேண்டும். பிறகு பாத்திரத்துக்குள் சூடான அரக்கை ஊற்றி ஆறவிட வேண்டும். அரக்கு உள்ளே தாங்கிக்கொள்வதால் வெளியிலிருந்து உளி வைத்துத் தட்டும்போது தகடு கிழியாது. இப்படி வெளியிலிருந்து கண், மூக்கு, கிரீடம், விரல் எல்லாம் திருத்தி எடுப்பார்கள். தப்பாக ஒரு தட்டு தட்டினால் தகடு பொத்துப் போகும். பல நாள் வேலை போச்சு. கோயில் கவசம், வாகனத்துக்கு வெள்ளித் தகடு வேய்வது, தஞ்சாவூர் கலைத்தட்டு எல்லாம் இந்த வித்தையின் குடும்பம்தான். தஞ்சாவூர்த் தட்டில் பித்தளை, செம்பு, வெள்ளி மூன்றும் சேர்வதைப் பார்த்தால், டிஃபனி பாரீஸில் பரிசு வாங்கிய கலப்பு உலோக யோசனை இங்கே புதுசே இல்லை என்று புரியும்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜப்பானிய மீனும் தும்பியும் டிஃபனி கூஜாவில் ஏறியபோது யார் மனசும் சங்கடப்பட்டிருக்காது. மீன் எங்கே நீந்தினாலும் மீன்தான். சாமி அப்படியா? வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேரில் வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவில் நிற்கிற ஊர் இது. வீட்டில் சாமி உருவம் எங்கே வரும்? பூஜை அறை விளக்கில், குங்குமச் சிமிழில், தட்டில். வாய் வைத்துக் குடிக்கிற டம்ளரில் யாராவது முருகனைச் செதுக்குவார்களா? எச்சில் படுமே! சுவாமி வெள்ளியில் கரண்டிக் காம்பு முனையில் கூட தெய்வம் நிற்கும். துரைமார் வீட்டு மேஜையில் அது அழகான பொம்மை.

உளி பிடித்த தட்டாருக்கு இது தெரியாமல் இருக்குமா? பகலில் கெண்டிக்குப் பெருமாள், அடுத்த வேலை கோயில் கவசத்துக்குப் பெருமாள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் கை ஒன்றுதான். அவர் என்ன நினைத்தார் என்று எந்தக் கெண்டியும் சொல்லவில்லை. அவர் பெயரையே சொல்லவில்லையே! கெண்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் கடையின் முத்திரைதான் இருக்கும். ஜப்பானில் வாள் தகட்டில் கையெழுத்துப் போட்டவர் ஒருவர். மெட்ராஸில் பெருமாளையே தட்டி எடுத்தவருக்குக் கையெழுத்து இல்லை.

விதிவிலக்கு உண்டு. கட்ச் பூஜ் நகரில் ஊமர்சி மாவ்ஜி என்று ஒரு வெள்ளி வேலைக்காரர். தன் பாத்திரங்களில் 'ஓ.எம்., பூஜ்' என்று தன் பெயரின் முதலெழுத்தைக் குத்தினார். அதனால்தான் இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் அவர் பெயரைச் சொல்லி அவர் வேலையைக் காட்டுகிறார்கள். சின்ன இரண்டு எழுத்துதான். அதன் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள்.

சரி, எடைக்கு வரலாம். பி.காம் படிப்பவர்களுக்கு இது இன்னும் சுவாரசியம்.

பெயர், வேலை எல்லாம் மாயை, எடைதான் நிஜம் என்று எல்லாரும் நம்புகிறார்கள். எடை ஏமாற்றாது என்று. அந்தக் காலத்தில் எடையே ரூபாய். 1835 முதல் வந்த வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அதில் 12இல் 11 பங்கு சுத்த வெள்ளி. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியிலும் புழங்கியது ரூபாய்தான். 1877இல் புதுச்சேரியில் கிளை திறந்த இந்தோசீனா வங்கி கூட ரூபாய் நோட்டுதான் அடித்தது. 1880இல் வில்லியனூரும் பாகூரும் கொம்யூன்கள் ஆனபோது, அங்கே நெல் விற்று நாலு காசு பார்த்த விவசாயிக்கு வங்கி எங்கே? ரூபாயைத் தட்டாரிடம் கொடுப்பார், கொலுசாகவோ தண்டையாகவோ வரும். 20 ரூபாயை உருக்கினால் 233 கிராம். கூலி தனி. பொண்ணு காலில் இருப்பது அழகும் ஆச்சு, சேமிப்பும் ஆச்சு.

அந்தச் சமயத்தில்தான் உலகம் முழுக்க வெள்ளி விலை சரிய ஆரம்பித்தது. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் 1859இல் கண்டுபிடித்த சுரங்கத்திலிருந்து வெள்ளி கொட்டியது. சப்ளை ஏறியது. 1870களின் தொடக்கத்தில் ஜெர்மனி தங்கத்துக்கு மாறி தன்னிடம் இருந்த வெள்ளியை விற்றது. 1873இல் அமெரிக்காவும் வெள்ளி நாணயத்தைக் கைவிட்டது. டிமாண்ட் இறங்கியது. விளைவு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்ட மாதிரி: 1870களின் தொடக்கத்தில் சுமார் 2 ஷில்லிங் பெற்ற ரூபாய், 20 வருஷத்தில் சுமார் 1 ஷில்லிங் 3 பென்னிக்கு இறங்கியது. டிஃபனியின் கூஜாவும் மெட்ராஸின் கெண்டியும் தடபுடலாக வெளிவந்தது சரியாக இந்தக் காலத்தில்தான். தங்க நாணயம் வைத்திருந்தவர்களுக்கு வெள்ளி சல்லிசு!

அடுத்து 1893. பிரிட்டிஷ் இந்திய அரசாங்கம் நாணயச் சாலைக் கதவைச் சாத்தியது. அதுவரை யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டு போய்க் கொடுத்து, சின்னக் கட்டணம் போக, ரூபாயாக அடித்துக்கொள்ளலாம். இனிமேல் முடியாது. அதாவது, ரூபாயை உருக்கிக் கொலுசாக்கலாம். கொலுசை ரூபாயாக்க முடியாது. வெள்ளி விலை மேலும் இறங்க, 20 ரூபாய் போட்டுச் செய்த கொலுசை எடைக்கு விற்றால் 20 ரூபாய் வரவில்லை. செய்கூலி போனது வேறு விஷயம். எடைக்கே எடை வரவில்லை! பெட்டியில் பத்திரமாக இருந்த வெள்ளி ஒரு கிராம் கூடக் குறையவில்லை. யாரோ எங்கேயோ போட்ட கையெழுத்தில் அதன் மதிப்பு மட்டும் கரைந்தது. கொலுசு போட்டிருந்தவளுக்கு அது தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

ஆக எடையும் ஒரு நம்பிக்கைதான். சந்தை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். ஆனால் அந்த 1870களின் சாமான்களில் உருக்காமல் தப்பித்தவை என்ன ஆயின? டிஃபனியின் ஜப்பான் பாணி வெள்ளியும் சரி, மெட்ராஸின் சுவாமி வெள்ளியும் சரி, இன்றைக்கு ஏலத்துக்கு வந்தால் வெள்ளி எடைக்குப் போவதில்லை. அதை விடப் பல மடங்குக்குப் போகிறது. அன்றைக்குக் கழிவு என்று ஒதுக்கிய செய்கூலிதான் இன்றைக்கு மிச்சம் இருக்கிற மதிப்பு. கொலுசாக இருந்தவை? பெரும்பாலும் உருகி, மறுபடி கொலுசாகி, மறுபடி உருகிவிட்டன. அவற்றைத் தட்டியவர்களின் வேலையைப் பார்க்க வழியே இல்லை.

பெயர் வெட்டிக்கொள்ளும் பழக்கம் இந்தப் பக்கம் இல்லவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஆச்சரியமான உதாரணம் அதே பாகூரில் கிடைத்ததுதான். பாகூர்ச் செப்பேடுகள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 9ஆம் நூற்றாண்டு, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலம். ஒரு வளையத்தில் கோர்த்த ஐந்து செப்புத் தகடுகள். பாகூரில் இருந்த வித்யாஸ்தானம், அதாவது கல்லூரிக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்த பத்திரம் அது. பாகூரில் கல்லூரி என்ற செய்தியைப் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. கடைசி வரிகளைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. அந்த எழுத்தை வெட்டியவர் காஞ்சிபுரத்துத் தட்டார் குடும்பத்துக்காரர். உதிதோதயன் மகன் நிருபதுங்கன். மன்னனின் பெயரையே தன் பெயராக வைத்திருந்த ஒரு பொற்கொல்லர், மன்னனின் பத்திரத்திலேயே அப்பா பெயரோடு தன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார். 1,100 வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் இருக்கிறார். செம்பு எடைக்கு அந்தத் தகடுகளை யாராவது விலை கேட்பார்களா?

இன்னொரு உதாரணம் வில்லியனூரில். சுடுமண் சிற்பத்துக்குப் பெயர் போன ஊர். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அங்கே வேலை செய்கிற வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை. களிமண்ணுக்கு என்ன விலை? உருக்கி விற்க முடியுமா? முடியாது. அதனால் வில்லியனூரில் ஒரு மண் குதிரை வாங்குகிறவர் 'எத்தனை கிலோ?' என்று கேட்பதில்லை. 'யார் செய்தது?' என்று கேட்கிறார். மண்ணில் வேலை செய்தவருக்குக் கிடைத்த பெயர், வெள்ளியில் வேலை செய்தவருக்குக் கிடைக்காமல் போனதற்கு வெள்ளியே காரணம் போலிருக்கிறது. பொருள் விலை உயர்ந்ததாக இருந்தால் கண் அங்கேயே நின்றுவிடுகிறது.

இதற்காகப் பத்தரைக் குறை சொல்ல முடியாது. அவர் வாங்குவது மொத்தக் கடையில் உருக்கத் தருகிற வெள்ளி. அங்கே மயிலுக்கு யாரும் ரேட் போடப் போவதில்லை. தங்கத்துக்கு 2021இல் ஹால்மார்க் கட்டாயம் ஆனது. நல்ல விஷயம்தான். மாற்று குறையாது. ஆனால் அந்த முத்திரையும் உலோகம் எவ்வளவு சுத்தம் என்றுதான் சொல்கிறது. தட்டிய கை எது என்று சொல்வதற்கு அதில் இடம் இல்லை.

மறுபடியும் பாகூர் கடை.

கொலுசும் டம்ளரும் தராசில் ஏறி இறங்கியாகிவிட்டது. பத்தர் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டுகிறார். ஃபீஸுக்குப் பற்றவில்லை. ஆயா ஒன்றும் பேசாமல் கிண்ணத்தையும் நகர்த்துகிறார்.

பேத்தி அதைக் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்க்கிறாள். அடியில் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து. கொடுத்தவர் பெயரின் இனிஷியல், அவ்வளவுதான். பித்தளை அண்டாவிலிருந்து எவர்சில்வர் டபரா வரைக்கும் எல்லா வீட்டிலும் இருக்கிற வழக்கம். மொய் வைத்தவர் பெயர் இருக்கும். கல்யாணத் தேதி கூட இருக்கும்.

"இத யாரு செஞ்சது ஆயா?"

"யாருக்குடி தெரியும்? யாரோ ஒரு பத்தரு."

செல்போனை எடுத்து மயிலை நாலு பக்கமும் படம் பிடிக்கிறாள். அடிப்பக்கத்தையும். பிறகு தராசில் வைக்கிறாள். சிவப்பு எண் ஓடி நிற்கிறது.

பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, கொலுசையும் டம்ளரையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டுகிறார் பத்தர். கிண்ணத்தை அதில் போடவில்லை. கண்ணாடிப் பெட்டியின் உள்பக்கம், ஊதுபத்தி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தனியாக வைக்கிறார்.

"ஒரு மாசம் உருக்காம வெச்சிருக்கேன் ஆயா. காசு வந்தா இதே எடைக்கு எடுத்துக்குங்க. அதுக்கு மேல நம்ம கையில இல்ல."

"ரேட்டு ஏறிப்போச்சுன்னா?" பேத்திதான் கேட்கிறாள். பி.காம் ஆச்சே.

"இன்னைக்கு ரேட்டுதான். எழுதித் தரட்டுமா?"

எழுதியே கொடுத்தார். பழைய பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, கிராம், ரேட், தேதி. கீழே தன் பெயரையும் கையெழுத்தாகப் போட்டார். வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் போகிற வழியில் ஆயா ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்.

"அந்தச் சீட்ட பத்திரமா வெய்யி. இன்னும் முப்பது நாளு."